நீலக் கயிறு கட்டிய வாளி

கல்லூரியில் முதல் வருஷம் பாதி தாண்டியிருந்தபோது சித்தப்பாவுக்குத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. வீட்டில் இனிப்பு வாங்கிக் கொண்டாடினார்கள். சித்தி அன்றைக்கே சாமான் கட்ட அட்டைப்பெட்டி தேட ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாம்பூஃப்ளாட்டில் அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் எதிர்க்கரையில் போர்ட் பிளேரில் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போய்விட்டால் எனக்குப் படுக்க இடமில்லை. ஹாஸ்டலில் வருஷ ஆரம்பத்திலேயே கையை விரித்துவிட்டார்கள். எங்கள் வீடு இருப்பதோ லாங் ஐலண்டில். அங்கிருந்து போட் ஏறினால் போர்ட் பிளேர் வந்து சேர ஒரு பகல் போய்விடும்.

அப்பா போனில் சொன்னார். "பரீட்சைய எழுதி முடி மக்ளே. அதுக்குள்ள ஒழுங்கான வீடு ஒண்ணு அமைஞ்சா படி. இல்லன்னா வந்திரு. தெரியாத எடத்துல ஒன்ன விட்டுட்டு நான் கடலுக்குப் போவ முடியாது கேட்டியா."

அப்பா அதட்டிச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்து இந்தத் தீவில் வலை போட்டுப் பிழைக்கிற மனுஷன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பை விட்டு வா என்று சொல்வதில் அவருக்கு ஒன்றும் சந்தோஷமில்லை என்று எனக்குத் தெரியும். சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னபோது என் தோழி கேன்டீனில் சமோசாவின் கடைசி மூலையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவள் திக்லிப்பூர் பக்கத்து வங்காளிப் பெண். ஹாஸ்டலில் கடைசியாக இருந்த இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. அதற்காக அவளை நான் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்ததும் உண்டு. நாங்கள் பேசிக்கொள்வது தீவு இந்தி. இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்குச் சண்டை போடவும் சமாதானமாகவும் அது போதும். இங்கே அவள் பேச்சைத் தமிழில்தான் எழுதுகிறேன்.

"அரே, அழாதே. வீடு தேடுவோம்" என்றாள். "ஆனா வெறும் வயித்தோட தேட முடியாது. ஒருவேளை நீ போகவேண்டி வந்தா, இந்த ஊர்ல நீ திங்காம விட்டது எதுவும் இருக்கக் கூடாது."

அப்படித்தான் எங்கள் ஊர் சுற்றல் ஆரம்பமானது. வாடகைக்கு அறை இருக்கிறதா என்று கேட்கப் போவோம், தின்றுவிட்டு வருவோம். முதலில் விசாரித்தது பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் பழம்பொரி போடுகிற மலையாளிச் சேட்டனிடம். காலையில் அக்கரைக்கு வேலைக்குப் போகிற கூட்டம் முழுக்க அவர் கடையைக் கடந்துதான் ஃபெர்ரி ஏறும். யார் வீட்டில் யார் காலி செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார், இல்லை மோளே என்றார், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த பழம்பொரி ஒன்றைப் பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார். ஃபெர்ரி அக்கரையில் சாத்தம் ஜெட்டி போய்ச் சேருவதற்குள் அதைத் தின்று முடிப்பது ஒரு சர்க்கஸ். வாய் சுடும், காற்றில் பேப்பர் பறக்கும், பக்கத்தில் நிற்கிற ஆபீஸ்காரர் தன் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நிற்பார்.

சாத்தம் பக்கம் ஒரு வங்காளித் தாத்தா சிங்காரா போடுவார். சமோசாவுக்குத் தங்கை மாதிரி இருக்கும், உள்ளே உருளைக்கிழங்கோடு வேர்க்கடலை கிடக்கும். தோழி அங்கே போனால் வேறு ஆளாகிவிடுவாள். தாத்தாவோடு வங்காளியில் மீன் பேச்சு. ஆற்று மீனுக்கு முன்னால் கடல் மீன் எல்லாம் ஒரு மீனா என்று இரண்டு பேரும் சேர்ந்துகொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆற்று மீன் என்றால் சேற்றைக் குழம்பு வைத்த மாதிரி இருக்கும் என்று நான் சொல்ல, தாத்தா எனக்குச் சிங்காரா கிடையாது என்பார். பிறகு கொடுப்பார். அறை அவருக்கும் தெரியவில்லை.

கல்லூரிக்குக் கீழே, ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு தெலுங்கு அக்கா தள்ளுவண்டியில் தோசை சுடுவாள். அவளுடைய சட்னியைப் பார்த்தே கப்பல் வந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் முதலில் தக்காளி காணாமல் போகும், பிறகு வெங்காயம் சுருங்கும், கடைசியில் வெறும் கடலையும் மிளகாயும் அரைத்து ஒரு வெளுத்த சட்னி வரும். அதைப் பார்த்ததும் வரிசையில் நிற்கிற எல்லோரும் ஒன்றாகப் பெருமூச்சு விடுவோம். ஒரு நாள் சிவந்த சட்னி வரும். "ஷிப் ஆயா!" என்று யாராவது கத்துவார்கள். தக்காளியை இப்படிக் கைதட்டி வரவேற்கிற ஊர் வேறு எங்காவது இருக்குமா தெரியாது.

அந்த அக்காவிடம் அறை கேட்டபோது அவள் கரண்டியை நிறுத்திவிட்டு யோசித்தாள். தன் வீட்டிலேயே இருக்கலாம் என்றாள். ஒரே அறை, ஐந்து பேர் படுக்கிறார்கள், நடுவில் எனக்கும் இடம் விடுவார்களாம். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஐந்து பேர் படுக்கிற அறையில் ஆறாவது ஆளுக்கு இடமிருக்கிறது என்று சொல்ல ஒரு மனசு வேண்டும்.

அந்தக் காலத்தில் காட்டு வேலைக்கு வந்து தங்கிவிட்ட ராஞ்சிக்காரர்கள் குடியிருப்புக்கும் போனோம். அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரித்த துஸ்கா, கூடக் கொண்டைக்கடலைக் குழம்பு. அரைத்தது நம் அடை மாவு, பொரித்தது வடை எண்ணெய், ருசி இரண்டும் இல்லை. தோழி ஆறு தின்றாள். அபர்தீன் பஜாரில் பரோட்டா தின்றோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் சூரை மீன் கட்லெட் தின்றோம். போர்டில் சாம்பார் என்று எழுதிப் போட்டிருக்கிற கடைகளைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஊரையும் தின்றுவிட்டு ஊரையே திட்டுகிறாள் என்று பெயர் வரும்.

இப்படி வயிறு நிறைந்துகொண்டே போனது, வீடு மட்டும் அமையவில்லை. பார்த்த அறைகளில் ஒன்றுக்குக் குளியலறைக் கதவே இல்லை. இன்னொன்றில் பையன்களுக்கு மட்டும்தான் என்றார்கள். ஒரு வீட்டில், வாசலில் நிற்கவைத்தே, மீன் சமைப்பாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கதவு சாத்திக்கொண்டது. சித்தி வீட்டில் அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட ஆரம்பித்தன. பரீட்சைத் தேதியும் அறிவித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வாளி வந்தது.

வாளி என்றால் இங்கே பெயிண்ட் வாளி. தீவுக்குத் தீவு சாமான் அனுப்ப எங்களுக்கு இருக்கிற கூரியர் அதுதான். காலியான வெள்ளைப் பெயிண்ட் வாளியைக் கழுவிக் காயவைத்து, சாப்பாடோ காய்கறியோ உள்ளே வைத்து, மூடியை அழுத்திக் கயிறு கட்டி, போர்ட் பிளேர் போகிற போட்டில் தெரிந்த ஆள் யாரிடமாவது ஏற்றிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அவரவர் வந்து அவரவர் வாளியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி வாளிகள் வரிசையாக இறங்கும். பெயரெழுதினால் தண்ணீர் தெறித்து அழிந்துவிடும். அதனால் கயிற்றைப் பார்த்துத்தான் அடையாளம். எங்கள் வாளிக்கு எப்போதும் அப்பாவின் வலைக்கயிறு, நீல நைலான். முடிச்சு அப்பா முடிச்சு. கடலில் வலையைக் கட்டுகிற அந்த முடிச்சை வேறு யாரும் போட முடியாது என்று எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

அன்றைக்கு ஜெட்டியில் நீலக் கயிறு தெரிந்தது, அப்பா முடிச்சு தெரிந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா நெத்திலிக் கருவாடும், சூரை ஊறுகாயும், தூக்குச்சட்டியில் மீன் புளிமுளக் குழம்பும் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். கடல் மீன் என்றால் என்னவென்று தோழிக்கு இன்றைக்குக் காட்டிவிட வேண்டும் என்று நேராக அவள் ஹாஸ்டலுக்குப் போனேன். அவள் சோற்றுத் தட்டோடு காத்திருந்தாள். முடிச்சை அவிழ்த்து மூடியைத் திறந்தோம்.

உள்ளே ஒரு பெரிய வாழைப்பூ. அதன் கீழே பாகற்காய், முருங்கைக்கீரை, பச்சைச் சேனைக்கிழங்கு. ஒரு பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய். மீன் வாடைகூட இல்லை.

தோழி வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுதான் உங்க கடல் மீனா?" என்றாள்.

வாழைப்பூவில் சாப், அதாவது வங்காளி கட்லெட், போடலாம், பிரமாதமாக வரும் என்று அவள் அதை வெளியே எடுத்தாள். நான் பிடுங்கித் திரும்ப வைத்தேன். யார் வீட்டு வாளியோ. லாங் ஐலண்டுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அப்பா கிடைத்தார். வாளிக்குள் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஐயோ மக்ளே, அது சாருக்க வாளியாக்கும்" என்றார்.

நான் கல்லூரிக்கு வந்த பிறகு லாங் ஐலண்ட் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த திருநெல்வேலி வாத்தியார் அவர். சுத்த சைவம். மனைவிக்குப் போர்ட் பிளேரில் அரசாங்க ஆபீஸ் வேலை, சின்ன மகளோடு மரைன் ஹில்லில் குடியிருக்கிறாள். இவர் தனியாகக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு பின்னால் தோட்டம் போட்டு, கப்பலை நம்பிக் காய்கறி வாங்க வேண்டாம் என்று வீட்டுக்கு வாளி அனுப்புவார். ஜெட்டியில் அவர் வாளி மூடி சரியாக உட்காரவில்லை. அப்பா சும்மா இருப்பாரா. கையிலிருந்த நீலக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, அவர் வாளியையும் கட்டி, அதே முடிச்சையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நீலக் கயிறு என்று சாரும் வீட்டுக்குச் சொல்லிவிட்டார். நான் தூக்கி வந்ததைத் தவிர ஜெட்டியில் மிச்சம் இருந்த நீலக் கயிறு ஒன்றுதான். அது மரைன் ஹில் போய்விட்டது, கருவாட்டோடு.

"இப்பவே போ" என்றார் அப்பா. "மீன் வாடையே ஆவாதவங்க. அந்த வீட்டுல என்னல்லாம் சொன்னாங்களோ. மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு வாளிய வாங்கிட்டு வந்திரு. குடுக்கலன்னா கேக்காத. குப்பையில போட்டிருப்பாங்க."

மரைன் ஹில் ஏற்றத்தில் வாளியோடு ஏறுகிறபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா வெயிலில் காக்காய் ஓட்டிக் காயவைத்த கருவாடு. அதைக் குப்பையில் போட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், என் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும் என்று தோழியிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள், பாரம் குறையத் தனியாகப் பிரித்தெடுத்த சேனைக்கிழங்குப் பையைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கினாள்.

கதவைத் திறந்த அக்கா, சாரின் மனைவி, எங்கள் கையிலிருந்த வாளியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். ஆபீசுக்குக் கிளம்பி நின்றாள். "நீதானா அது? வா வா. செருப்பைக் கழட்டாண்டாம், பின்னால வா" என்று வீட்டைச் சுற்றி அழைத்துப் போனாள்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் அடுப்பு. அதன்மேல் என் அம்மாவின் தூக்குச்சட்டி. மூடியின் மேல் பூனை தள்ளாமலிருக்க ஒரு கல். கருவாட்டுப் பொட்டலம் கொடியில், எறும்பு ஏறாதபடி தொங்கிக்கொண்டிருந்தது.

"குழம்பு கெட்டுரக் கூடாதேன்னு நேத்து சாயந்திரம் ஒரு தரம், இன்னிக்குக் காலையில ஒரு தரம் சுட வச்சேன்" என்றாள். "லேசா சுட்டா போதுமா, கொதிக்கணுமான்னு எனக்குத் தெரியல. பக்கத்து வீட்டு அக்காட்ட கேட்டேன், நல்லா கொதிக்கணும்னு சொன்னா. மூக்குல துணி கட்டிக்கிட்டுதான் செஞ்சேன், மறைக்க மாட்டேன். கோவிச்சுக்காத."

"பக்கத்து வீட்டுலயே குடுத்திருக்கலாமே அக்கா" என்றேன்.

"ஒங்க அம்மா ஒனக்குன்னு அடுப்புல நின்னு செஞ்சது. என் வீட்டுக்கு வந்து அது ஒனக்குக் கெடைக்காம போச்சுன்னு இருக்கலாமா?"

மீன் வாடை ஆகாத ஒருத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் மீன் குழம்பை இரண்டு தரம் கொதிக்க வைத்திருக்கிறாள். ஏற்றத்தில் சுமந்து வந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நன்றி என்று சொன்னேன். அந்த வார்த்தை போதவில்லை. தோழி என் பின்னாலிருந்து இந்தியில், "தீதி, இவளுக்குத் தங்க இடம் இல்லை, பரீட்சை முடிந்தால் ஊருக்குப் போய்விடுவாள்" என்று போட்டு உடைத்தாள். ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது.

அக்கா ஆபீசுக்கு நேரமாகிறது என்பதையே மறந்து கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தான் ஆபீஸிலிருந்து வரும்வரை பிள்ளை தனியாக இருக்கிறாள் என்றாள். முன்னறை சும்மா கிடக்கிறது என்றாள். "நீ இங்க வந்து இரேன். மீன் மட்டும் வீட்டுக்குள்ள வேண்டாம். வெளிய என்ன வேணும்னாலும் சாப்பிடு, நான் கேக்க மாட்டேன். கையக் கழுவிட்டு வா, அது போதும்."

அன்று மத்தியானம் புளிமுளத்தை ஹாஸ்டல் சோற்றில் ஊற்றித் தோழிக்குக் கொடுத்தேன். அவள் தட்டை வழித்தாள். கடல் மீனைப் பற்றி அதற்குப் பிறகு அவள் என்னிடம் வாயைத் திறந்ததில்லை.

அப்பா சந்தோஷப்படுவார் என்று போன் செய்தேன். அவர் வேண்டாம் என்றார்.

"சாரு நல்ல மனுஷந்தான். கடக்கரையில நின்னு பேசுறது வேற மக்ளே, வீட்டுக்குள்ள இருக்கது வேற."

நான் விடவில்லை. ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னார். சின்ன வயதில், ஊரில், தன் அப்பாவோடு கடற்கரையிலிருந்து உள்ளே இருக்கிற ஊர்களுக்கு வேலைக்குப் போவாராம். பெரிய வீடுகளில் சாப்பாடு உண்டு, பின்வாசலில். தண்ணீரைக் கையில் ஊற்றுவார்கள். தின்ற தட்டைக் கழுவி, தனியாகத் திண்ணை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். யாரும் திட்டியதில்லை, நன்றாகத்தான் போட்டார்கள் என்றார். "சோறு ருசியாத்தான் இருந்துது. எனக்குத்தான் எறங்கல. நீ அப்பிடி ஒரு வீட்டுல ரெண்டு வருஷம் திங்காண்டாம். படிப்பு இல்லன்னா போட்டு."

இதை அவர் என்னிடம் அதுவரை சொன்னதேயில்லை. அந்த அக்கா அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். அதை எப்படி அவருக்குப் போனில் காட்டுவது? சொல்லச் சொல்ல, நான் படிப்புக்காகப் பூசி மெழுகுகிறேன் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். அக்காவிடம் நான் காரணம் சொல்லவில்லை, அப்பா யோசிக்கிறார் என்று மட்டும் சொன்னேன். பெண்ணைப் பெற்றவர் யோசிக்கத்தான் செய்வார், வந்து வீட்டைப் பார்க்கட்டும் என்றாள். சாரும் லாங் ஐலண்டில் அப்பாவை விடவில்லை போலிருக்கிறது. இன்ஜினுக்கு ஒரு பாகம் வாங்க வேண்டியிருக்கிறது, அப்படியே எட்டிப் பார்க்கிறேன் என்று ஒருவழியாக அப்பா போட் ஏறினார்.

கோவிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் மீன் கொண்டுபோகிறவர் அவர். மீன் கொண்டுபோகக் கூடாத வீட்டுக்கு என்ன கொண்டுபோவதென்று தெரியாமல் அரைச் சாக்குத் தேங்காய் சுமந்து வந்திருந்தார். மரைன் ஹில் ஏற்றத்தில் நானும் தோழியும் அந்தச் சாக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். சாப்பாடு உண்டு என்று தெரிந்த பிறகு அவளை வராதே என்று சொன்னால் கேட்பாளா?

அக்கா கூடத்தில் பாய் விரித்து எல்லோருக்கும் ஒன்றாகத் தட்டு வைத்திருந்தாள். "அண்ணாச்சி, உக்காருங்க" என்று அப்பாவுக்கு நடுவில் இடம் காட்டினாள். அவர் ஓரத்தில் உட்கார்ந்தார். சாம்பார், வாழைப்பூப் பொரியல், ரசம், அப்பளம். அக்காவும் மகளும் எங்களோடேயே உட்கார்ந்தார்கள்.

அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சாம்பார் எப்படி என்று அக்கா கேட்டாள். நல்லா இருக்கு என்றார். பொரியல்? நல்லா இருக்கு. ரசம்? அதுவும் நல்லா இருக்கு. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எங்கள் வீட்டில் அப்பா முதல் உருண்டையை விழுங்குவதற்குள் புளி, மிளகாய், வேக்காடு எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அம்மா அகப்பையைக் காட்டிப் பதில் சொல்லுவாள். அந்தச் சண்டை இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. நல்லா இருக்கு என்பது அவர் அந்நியர் வீட்டில் மட்டும் சொல்கிற வார்த்தை. ஒப்புக்குச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். இனி லாங் ஐலண்ட்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா சாப்பிட்டு முடித்து எழுந்தார். கையில் தட்டு. பின்வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

அக்கா அப்போது மகளின் கணக்கு டீச்சரைப் பற்றித் தோழியிடம் இந்தியில் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தவேயில்லை. "அதை எங்க தூக்கிட்டுப் போறீய அண்ணாச்சி, இங்கன தாங்க" என்று அப்பா கையிலிருந்த தட்டை வாங்கி, தான் சாப்பிட்ட எச்சில் தட்டின் மேல் வைத்தாள். அதன்மேல் மகளின் தட்டை வைத்தாள். மூன்றையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, டீச்சரைத் திட்டிக்கொண்டே, அடுக்களைக்குள் போய் சிங்கில் போட்டுவிட்டு வந்தாள். தான் ஏதோ செய்ததாகவே அவளுக்குத் தெரியாது.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். கை காய்ந்துகொண்டிருந்தது. அடுக்களை வாசலையே பார்த்தார். பிறகு கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார், இந்த முறை நடுவில். அக்கா டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி" என்றார். "சாம்பாருக்கு உப்பு கொறவு."

தோழிக்குத் தமிழ் தெரியாது, என் முகத்தைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"வாயில வச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி. உப்பு டப்பாவ எடுத்துட்டு வந்தா, சமைக்கத் தெரியாதவ வீட்டுலயா பிள்ளைய விடணும்னு நெனச்சிருவீயளோன்னு பேசாம இருந்தேன்."

அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் சிரிக்கிற அதே சிரிப்பு. "புளியும் ஒரு பொடிக்குக் கூடுதலாக்கும்" என்றார்.

நான் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாக அழுதேன். எனக்கு வீடு கிடைத்துவிட்டது.